அஞ்சினான் புகலிடம்

(சாரல் காலத்தில் குற்றாலத்தில் நடைபெற்ற அறக்கட்டளைக் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அருவியில் நீராடி, சாரலில் நனைந்து, குளிர்ந்த உள்ளத்தோடு அமர்ந்திருக்கும் உங்கள் முன் எதைப் பற்றிப் பேசலாம் என்று நிர்வாகிகளைக் கேட்டேன். "நான்கு தானங்களுள் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். அன்னதானம், அபயதானம், ஔடததானம், சாத்திரதானம் என்று நம் முன்னோர் வகுத்த நான்கனுள் மூன்று தானங்களை நாம் இன்றும் கண்முன் காண்கிறோம். விழாக்களில் உணவளிக்கிறோம். மருத்துவ முகாம் நடத்துகிறோம். மாணவர்க்குக் கல்வி உதவித்தொகை கொடுக்கிறோம். அபயதானம் ஒன்றுதான் ஏட்டில் மட்டும் இருப்பதுபோல் தோன்றுகிறது. ஆதலால் அதனையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

அபயம் என்றால் அச்சமின்மை. ஓர் உயிரைக் கொல்லாமல் விடுவது அதன் முதற்படி. அதனை நாம் நாள்தோறும் பேணுகிறோம். அஞ்சி வந்தவருக்கு இடங்கொடுத்து, அவருடைய அச்சம் நீங்கும்வரை உடன் நிற்பது அதன் முழு வடிவம். சமணப் பள்ளிகளையும் கோயில்களையும் அடுத்து, அடைக்கலம் புகுந்தோரைக் காப்பதற்கென்றே இடங்கள் இருந்தன என்றும், அவற்றுக்கு 'அஞ்சினான் புகலிடம்' என்று பெயர் வழங்கிற்று என்றும் மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 'சமணமும் தமிழும்' என்னும் நூலில் எழுதியிருக்கிறார். கல்வெட்டுகளிலும் காணப்படும் சொல் அது. அஞ்சியவன் யார், எந்தக் குலம், எந்தச் சமயம் என்று அப்பெயர் கேட்கவில்லை. அஞ்சினான் என்ற ஒரு தகுதியே போதுமானதாக இருந்தது.

நாம் அடைக்கலம் பெற்ற கதை

அடைக்கலம் கொடுத்தவர்கள் மட்டும் அல்லர் நாம், பெற்றவர்களும் ஆவோம். வடநாட்டில் நேர்ந்த பெரும்பஞ்சத்தின்போது பத்திரபாகு முனிவர் தம் சங்கத்தாரோடு தெற்கே வந்தார் என்பது நம் மரபுச் செய்தி. புதிய நாட்டில் புதிய மொழியைக் கற்று, அம்மொழியிலேயே இலக்கணமும் காப்பியமும் செய்து தந்தவர்கள் அவர்களுடைய வழிவந்தோர்.

இன்னும் அண்மைக் காலத்துச் செய்தியும் உண்டு. செஞ்சிப் பகுதியில் நாயக்கர் ஆட்சிக் காலத்தில் நம் முன்னோர்க்குக் கொடுந்துன்பம் நேர்ந்தது என்பதையும், பலர் தம் சமய அடையாளத்தை மறைத்து வாழ நேர்ந்தது என்பதையும் பாட்டியர் வாயிலாக நாம் கேட்டிருக்கிறோம். அப்போது தாயனூர்க் காங்கேய உடையார் தப்பிச் சென்று உடையார்பாளையத்தை அடைந்தார். அந்தப் பாளையத்துத் தலைவர் அவருக்கு இடமளித்துக் காத்தார். துன்பம் தணிந்த பின்னர் அவர் திரும்பி வந்து, சிரவணபெளகுளாவிலிருந்து வீரசேனாசாரியாரை அழைத்துவந்து நம் சமயத்தை மீண்டும் நிலைநிறுத்தினார். சமணர் கூடும் அவைகளில் அவர் வழியினர்க்கு முதல் தாம்பூலம் தரும் வழக்கம் இதனால் ஏற்பட்டது என்பர்.

அந்த முதல் தாம்பூலம் காங்கேய உடையாருக்குரியது. அவரைக் காத்த உடையார்பாளையத்தாருக்கு நாம் என்ன கொடுத்தோம்? அவர் நம் சமயத்தார் அல்லர். நம்மிடம் எதையும் எதிர்பார்த்தவரும் அல்லர். அந்தக் கடனை அவர்க்கே திருப்பிக் கொடுக்க இயலாது. இன்று அஞ்சி வந்து நம் நடுவே நிற்பவர்க்குக் கொடுப்பதே அதனைத் தீர்க்கும் வழி.

மாதரி செய்தவை

தமிழாசிரியை ஒருத்தி அடைக்கலத்தைப் பற்றிப் பேசும்போது சிலப்பதிகாரத்தைத் தவிர்க்க முடியாது. அந்நூலில் ஒரு காதைக்கே அடைக்கலக் காதை என்று பெயர். புகார் நகரத்தை விட்டு வந்த இருவரை, மதுரையின் புறஞ்சேரியில், இயக்கிக்குப் பாற்சோறு படைத்துத் திரும்பும் மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் கவுந்தியடிகள் ஒப்படைக்கிறார். அடைக்கலப் பொருளின் அருமையையும் எடுத்துக் கூறுகிறார். இதுவரை நாம் அனைவரும் அறிந்ததே. அதன்பின் மாதரி செய்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்.

முதலாவது, தன் வீட்டின் மூலையில் ஒதுக்காமல் அவர்களுக்கெனத் தனிமனை ஒன்றைக் கொடுத்தாள். இரண்டாவது, கோவலன் சாவக நோன்பு உடையவன் என்பதை அறிந்து, அவர்கள் பகற்பொழுதிலேயே உண்ணும்படி, சமைப்பதற்குப் புதிய கலங்களைக் காலம் தாழ்த்தாமல் கொடுக்கச் சொன்னாள். தான் சமைத்துக் கொண்டுபோய் வைக்கவில்லை. அரிசியும் காய்கனிகளும் தன் மனையின் பால்பயனும் கொடுத்து, கண்ணகி தன் கையாலேயே தன் கணவனுக்குச் சமைக்கும்படி செய்தாள். ஆயர்குலத்தாள் ஒருத்தி சமண நோன்பின் நுட்பத்தை மதித்த இடம் அது. மூன்றாவது, தன் மகள் ஐயையைத் துணைக்கு அனுப்பியபோது, கண்ணகிக்கு அவள் நாத்தூண் நங்கை, அதாவது நாத்தனார், என்று உறவு சொல்லி அனுப்பினாள். ஐயை வைக்கோலால் அடுப்பு மூட்டிக் கொடுத்தாள்.

வீடு, புழங்கு பொருள், உணவு, உறவு என்னும் இந்த நான்கையும் ஒரே நாளில் ஓர் ஏழை மூதாட்டி கொடுத்தாள். ஆயினும் அதன்பின் என்ன நடந்தது? கோவலன் சிலம்போடு கடைத்தெருவுக்குச் சென்றான். பொற்கொல்லன் அவனைக் கள்வன் என்றான். கொல்ல வந்த காவலர், அவன் தோற்றத்தைப் பார்த்துக் கள்வனாக இருக்க மாட்டான் என்று ஐயுறவும் செய்தார்கள். அந்தப் பெருநகரத்தின் கடைவீதியில், "இவனை நான் அறிவேன், இவன் இன்னார் மகன்" என்று சொல்ல ஒருவரும் இல்லை. புகாரில் அவனை அறியாதவர் இல்லை. மதுரையில் அவனை அறிந்தவர் புறஞ்சேரியைத் தாண்டி ஒருவரும் இல்லை. அரசன் ஆராயாததும் பொற்கொல்லன் பொய்த்ததும் உண்மை. அந்நியனாக இருந்தமையால் அவ்விரண்டும் அத்துணை எளிதாக நடந்தன.

இதிலிருந்து நான் உணர்ந்துகொண்ட ஒன்றைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன். அடைக்கலம் கூரையோடு முடிவதில்லை. புதிய ஊரில் ஒருவரை அறிந்தவர் இருக்க வேண்டும். அறிந்தவர் அதனை நாலுபேர் முன்னிலையில் சொல்லவும் வேண்டும். அப்போதுதான் அஞ்சினவர் அச்சம் நீங்கும்.

நம் காலத்து அஞ்சினவர்

நம் காலத்தில் கடல் கடந்து வந்தவர்களைப் பார்ப்போம். 1983 ஜூலையில் இலங்கையில் நிகழ்ந்த இனக்கலவரத்தை அடுத்துத் தமிழர்கள் படகேறித் தமிழகக் கரைக்கு வரத் தொடங்கினர். 1987 உடன்பாட்டிற்குப் பின் சிலர் திரும்பினர். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது பெருந்திரளாக வந்தனர். 1995-க்குப் பின்னும், 2006-க்குப் பின்னும் இன்னும் இரண்டு அலைகள். அரசின் கணக்குப்படி 1983 முதல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துள்ளனர். வந்தவர்களில் பலரை முதலில் வைத்துப் பதிவு செய்த இடம் மண்டபம் முகாம். அது வெள்ளையர் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் மக்களைத் தடுத்து வைத்து, நோய் உண்டா என்று சோதித்து அனுப்புவதற்கு அமைந்த இடம். தேயிலைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர், அதே முகாம் வழியாக அகதிகளாகத் திரும்பி வந்தனர்.

2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் கூறப்பட்ட கணக்கில், 108 முகாம்களில் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேர் இருந்தனர். முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவோடு 34,087 பேர் வாழ்ந்தனர். நாம் கூடியிருக்கும் இத்தென்காசி மாவட்டத்திலும், கடையநல்லூருக்கு அருகே போகநல்லூரில் ஒரு முகாம் உள்ளது.

தென்காசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வூரே இடம்பெயர்ந்தோர் கண்ட ஊர். மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர் தங்கள் அரசை இங்கே அமைத்துக்கொண்டனர். பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கே பெருங்கோயில் எடுத்தான். பின்னாளில் அக்கோயிலைக் காப்பவர் எவராயினும் அவரை வணங்குவதாகக் கல்லிலே பொறித்தும் வைத்தான். இழந்து வந்தவனுக்குத்தான் காப்பவரின் அருமை தெரியும்.

அகதி என்னும் சொல்

இம்மக்களை நெடுங்காலம் அகதிகள் என்றே அழைத்தோம். கதி இல்லாதவர் என்பது அதன் பொருள். கதி என்ற சொல் நம் செவிக்குப் புதியதன்று. தேவகதி, மக்கட்கதி, விலங்குகதி, நரககதி என்று நாற்கதிகளைச் சிறுவயதிலேயே கற்றவர்கள் நாம். பெறுவதற்கு அரியது மக்கட்கதி என்று கேட்டு வளர்ந்தவர்கள். அந்த அரிய கதியில் நம்மோடு ஒருங்கே நிற்கும் ஒருவரைக் கதியற்றவர் என்று சொல்ல நம் நா எழலாமா? 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை நீக்கி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அதனோடு புதிய வீடுகளுக்கும் உதவித்தொகை உயர்வுக்கும் வழிசெய்து, 317 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டத்தையும் அறிவித்தது. பத்துக்குப் பத்து அடி அறையில் ஒரு குடும்பமே முப்பது ஆண்டுகளைக் கழித்த நிலையை நேரில் கண்டவர்கள் அந்த அறிவிப்பை மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள்.

அரசு வீடு கட்டித் தரலாம். பணம் கொடுக்கலாம். பக்கத்து வீட்டாராக இருக்க அரசால் இயலாது. அது நம் வேலை.

நான் அறிந்த ஒரு குடும்பம்

செஞ்சிப் பக்கத்தில் பிறந்த நான் தமிழாசிரியையாக இப்பகுதிக்கு வந்தவள். என் பேச்சைக் கேட்டதும் "வடக்கேயிருந்து வந்த டீச்சரா?" என்று கேட்பார்கள். புதிய ஊரில் வாய் திறந்தவுடனே வேற்றாளாகிவிடுவது எப்படியிருக்கும் என்பதை அவ்வகையில் சிறிதளவு அறிவேன். 1990-இல் வந்த குடும்பங்களுள் ஒன்றிலிருந்து ஒரு மாணவி என் வகுப்பில் சேர்ந்தாள். அக்குடும்பத்தின் பெயரையும் முகாமையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. மன்னார்ப் பக்கத்தவர்கள் என்பது மட்டும் போதும்.

அவள் "கதைத்தார்கள்" என்று சொன்னால் வகுப்பு சிரிக்கும். "தலை நோகுது" என்றால் சிரிக்கும். "வடிவான பூ" என்றால் சிரிக்கும். அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு, நோதல் என்பது எத்துணைப் பழைய சொல், வடிவு என்பதை நம் புலவர்கள் எங்கெல்லாம் ஆண்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். நாம் மறந்துவிட்ட சொற்களை அவள் வீட்டில் இன்றும் பேசுகிறார்கள் என்றேன். மறுவாரத்தில் அவளைச் சுற்றி நான்கைந்து பிள்ளைகள் அமர்ந்து, "உங்க ஊர்ல இதுக்கு என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிரிப்புக்கு இடமான வாய் பிறருக்குச் சொல் கொடுக்கும் வாயாயிற்று. பாட்டியை ஆச்சி என்பதும், சர்க்கரையைச் சீனி என்பதும் இரு கரைக்கும் பொது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அவளுடைய தாயார் என்னை முதலில் "டீச்சர்" என்றே அழைத்து வந்தார். பள்ளிக்கு வந்தால் வாசற்படியிலேயே நிற்பார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். சான்றிதழ்களைப் படகிலே தொலைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். பிள்ளையின் பிறந்த தேதியை யாரிடம் போய் எப்படி எழுதி வாங்குவது, எந்த விண்ணப்பத்தை எந்த மேசையில் கொடுப்பது என்பவற்றில்தான் எங்கள் பழக்கம் தொடங்கிற்று. பெரிய உதவி எதுவும் அன்று. ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா, அரைமணி நேரம். ஆயினும் அதிகாரியின் முன் தனியே நிற்பதற்கும், ஊரறிந்த ஓர் ஆசிரியையோடு நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் முகத்தில் கண்டேன்.

ஒருநாள் என் வீட்டுக்கு அழைத்தேன். அடுக்களையில் பேச்சு சொதியைப் பற்றித் திரும்பிற்று. திருநெல்வேலிச் சீமையில் திருமண விருந்துக்குத் தேங்காய்ப் பாலில் சொதி வைப்பார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். இலங்கையிலும் சொதி உண்டு. இடியப்பத்துக்கும் புட்டுக்கும் துணை அதுவே. "நாளைக்கு நான் வைத்துக்கொண்டு வாறன்" என்றார். நான் நம் வீட்டு வழக்கங்களைச் சொன்னேன். வெங்காயமில்லை, பூண்டில்லை, கிழங்கில்லை, பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்று. அவர் வியப்போடு கேட்டுக்கொண்டார். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள், தூய்மையாகத் துலக்கிய தூக்குச்சட்டியில், பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் தேங்காய்ப்பாலும் மட்டும் சேர்ந்த சொதி வந்தது. "பொழுது படமுதல் கொண்டு வந்திட்டன், அக்கா" என்றார். அன்றுதான் அவர் என்னை முதன்முதலாக அக்கா என்று அழைத்தார்.

பெரியோர்களே, சிலப்பதிகாரத்தில் சாவக நோன்பி அடைக்கலம் புகுந்தவன். ஆயர்மகள் அவன் நோன்பைப் பேணினாள். இங்கே அடைக்கலம் புகுந்தவரே நம் நோன்பைப் பேணினார். கொடுப்பவள் நான் என்று எண்ணியிருந்த இடத்தில் மாதரியாக நின்றவர் அவர். இதனை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். எல்லாவற்றையும் இழந்து வந்தவருக்குப் பெற்றுக்கொண்டே இருப்பது பெரும் பாரம். அவர் கொடுப்பதை நாம் உவப்போடு வாங்கிக்கொள்ளும்போது அந்தப் பாரம் இறங்குகிறது. நட்பு அங்கே தொடங்குகிறது.

அறிமுகக் கையொப்பம்

வங்கியில் கணக்குத் தொடங்க வேண்டுமானால், அங்கே ஏற்கெனவே கணக்குள்ள ஒருவர் அறிமுகக் கையொப்பம் இட வேண்டியிருந்த காலம் அது. "இவரை நான் இத்தனை ஆண்டுகளாக அறிவேன்" என்று ஒரு வரி; அதன் கீழே கையொப்பம். தையல் வேலையில் சேர்த்த சிறுதொகையைப் போட்டுவைக்க அந்தத் தாயாருக்குக் கணக்கு வேண்டியிருந்தது. நான் கையொப்பமிட்டேன். எத்தனையோ விடைத்தாள்களிலும் மதிப்பெண் பட்டியல்களிலும் கையொப்பமிட்டிருக்கிறேன். அந்த ஒன்றுதான் அபயதானத்துக்கு நெருங்கியது என்று இன்று தோன்றுகிறது.

கையொப்பத்தைவிடக் கடினமான வேளையும் வந்தது. முகாமில் வாழ்ந்த ஆண்கள் பெரும்பாலும் வண்ணம் பூசும் வேலைக்குப் போவார்கள். இன்றும் அப்படித்தான். அக்குடும்பத்துத் தந்தையும் பெயிண்ட் வேலைக்குத்தான் போய்வந்தார். அவர் வேலை பார்த்த ஒரு வீட்டில் கைக்கடிகாரம் ஒன்று காணாமற்போயிற்று. நால்வர் வேலை பார்த்த வீட்டில் ஐயம் ஒருவர்மீது மட்டும் விழுந்தது. காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. வழக்கு என்று ஒன்றும் இல்லை. ஆனால் மேஸ்திரி அவரை வேலைக்கு அழைப்பதை நிறுத்திவிட்டார். ஊரில் வேறு மேஸ்திரிகளும் அழைக்கவில்லை. வேலையில்லாமல் மூன்று வாரங்கள் சென்றன.

நானும் என் கணவரும் அந்த மேஸ்திரியின் வீட்டுக்குப் போனோம். கடிகாரத்தை யார் எடுத்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. அது பின்னர் கிடைத்ததா என்பதும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே. "ஆறு ஆண்டுகளாக இவரை நாங்கள் அறிவோம். எங்கள் வீட்டுச் சாவியை இவரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறோம்" என்று சொன்னோம். மேஸ்திரி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "திங்கட்கிழமை வரச் சொல்லுங்க" என்றார். மதுரைக் கடைத்தெருவில் ஒலிக்காத அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு எங்களுக்கு ஆன செலவு ஒரு மாலைப்பொழுது.

அம்மாணவி பட்டம் பெற்றாள். அவளைப் போன்றவர்களுக்கு அது எளிதாக இருந்ததில்லை. 1991-க்குப் பின் சில ஆண்டுகள் அவர்களுடைய உயர்கல்வி வாய்ப்புகள் அடைபட்டிருந்தன; பின்னர்ப் படிப்படியாகத் திறந்தன. செல்வநாயகம் அவர்களின் மகன் சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் மாலை வகுப்புகளும் உதவிகளும் நடத்திப் பலரைப் படிக்கவைத்தது. நம் கழுகுமலையை நினைத்துப் பாருங்கள். குரத்தியர் என்னும் பெண்ணாசிரியர்களும் அவர்தம் மாணாக்கரும் இருந்தமையை அம்மலையின் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இன்றும் சொல்கின்றன. சாத்திரதானமும் அபயதானமும் இரண்டல்ல என்பதை முகாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போதுதான் நான் உணர்ந்தேன்.

சட்டத்தின் வாயில்

பட்டம் பெற்றபின்னும் பலர் ஏன் பெயிண்ட் வாளியைத் தூக்குகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் இந்நாட்டுக் குடிமக்கள் அல்லர் என்பதே விடை. அரசுப் பணி இல்லை, கடவுச்சீட்டு இல்லை, வாக்கு இல்லை. அகதிகள் குறித்த 1951-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. 1987 ஜூலை முதல் நாளுக்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள் என்று நம் சட்டம் சொல்கிறது. அதன்படி, 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவர் உயர்நீதிமன்றம் சென்று கடவுச்சீட்டுப் பெற்றார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். அவருக்குப் பின்னே பிறந்தவர்கள், இந்த மண்ணையன்றி வேறு மண்ணை மிதிக்காதவர்களாயினும், இன்னும் வெளியே நிற்கிறார்கள்.

2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர்க்கு அது வழிசெய்கிறது. அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட சமயத்தாருள் சமணரும் உளர். இலங்கையிலிருந்து வந்த தமிழர் அதில் இடம்பெறவில்லை. நான் இங்கே அரசியல் பேச வரவில்லை. அவையில் பல கருத்துடையோர் இருப்பீர்கள். ஆயினும், அழைப்பிதழில் நம் பெயர் இருக்கிறது. நம் தாய்மொழி பேசும் அண்டை வீட்டார் பெயர் இல்லை. அந்நிலையில் அவர்களுக்காகப் பேச வேண்டிய கடமை, பெயர் உள்ளவருக்கே முதலில் உண்டு என்பது என் எண்ணம்.

ஐவர் கூடினால்

உலகில் வேறெங்கேனும் இத்தகைய அறம் நடைபெறுகிறதா? கனடா நாட்டில் ஒரு நல்ல முறை உண்டு. வியட்நாம், லாவோஸ், கம்போடியா நாடுகளிலிருந்து மக்கள் படகுகளில் தப்பியபோது, 1979, 1980 ஆகிய ஈராண்டுகளில் ஏறத்தாழ 60,000 பேரைக் கனடா ஏற்றது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரைப் பொதுமக்களே பொறுப்பேற்று அழைத்துக்கொண்டனர். ஐந்து குடிமக்கள் ஒன்றுகூடினால், அல்லது ஒரு கோயில் சபை முன்வந்தால், ஒரு குடும்பத்தை ஓராண்டுக்குத் தாங்க முடிந்தது. வீடு பார்ப்பது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, கடைவீதியைக் காட்டுவது, வேலை தேடித் தருவது எல்லாம் அந்த ஐவரின் பொறுப்பாக இருந்தது. 1986-இல் ஐக்கிய நாடுகள் அவை அகதிகளுக்குத் தொண்டாற்றியோர்க்குரிய நான்சென் விருதைக் கனடா நாட்டு மக்கள் அனைவருக்குமாக வழங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத்தமிழரை அங்குள்ள மீனவர்கள் கண்டு கரைசேர்த்தனர்.

நம் அறக்கட்டளைக்கு என் விண்ணப்பம் இதுதான். நமக்குள் ஐந்து குடும்பங்கள் கூடி, முகாமில் வாழும் ஒரு குடும்பத்தோடு உறவு கொள்வோம். நாம் வாழும் வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களிலும் முகாம்கள் உள்ளன. உள்ளே செல்ல மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அதனை முறைப்படி பெறுவோம். தொடங்குவோர்க்கு என் பட்டறிவிலிருந்து சில சொற்கள்.

போரில் என்ன நேர்ந்தது, யார் யார் இறந்தார்கள் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றும் நாளில் அவர்களே சொல்வார்கள். கொடுக்கும்போது நிழற்படம் எடுக்காதீர்கள். பழைய துணிகளை மூட்டை கட்டிக் கொண்டுபோகாதீர்கள். மாதரி புதுக்கலம் கொடுத்ததை நினைவிற்கொள்ளுங்கள். அவர்கள் தருவதை, நம் நோன்புக்கு இசைந்ததாயின், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். இசையாததாயின் காரணத்தைச் சொல்லுங்கள்; விளங்கிக்கொள்வார்கள். வருவாய் ஆய்வாளர் முன் குடும்பமே நேரில் நிற்க வேண்டிய தணிக்கை நாள்கள் அவர்களுக்கு உண்டு. அந்நாள்களில் உங்கள் வீட்டு விழாவுக்கு அழைத்து அவர்களை இக்கட்டில் வைக்காதீர்கள். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, அடையாள அட்டை ஆகியவற்றைப் படியெடுத்துப் பத்திரப்படுத்த உதவுங்கள். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். யாவற்றுக்கும் மேலாக, உங்கள் நண்பர்களிடமும் முதலாளிகளிடமும் வீட்டுக்காரர்களிடமும் அவர்களைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்யுங்கள்.

பணம் கொடுப்பதற்கு அறக்கட்டளையில் ரசீதுப் புத்தகம் இருக்கிறது. அறிமுகத்துக்கு ரசீது இல்லை. நம் பெயரையே பிணையாக வைக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் நான்கு தானங்களுள் இது அரியதாய் இருக்கிறது. வணிகத்திலும் வேளாண்மையிலும் கல்விப் பணியிலும் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக நல்ல பெயர் ஈட்டியிருக்கிறார்கள். "நயினார் வீட்டில் சொன்னார்கள்" என்றால் ஊர் நம்பும். அந்தப் பெயரை நாம் செலவழிப்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இக்கூட்டம் முடிந்ததும் ஐந்து குடும்பத்தார் பெயரெழுதித் தருவீர்களாயின், போகநல்லூரிலிருந்தே தொடங்கலாம். அனுமதிக்கான விண்ணப்பத்தை எழுதித் தரும் பணியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.